வாசலில் நின்று சொன்ன வாக்கியம்

டவுன் பள்ளியில், என்னைப்போல் படிப்பை நிறுத்தியவர்களுக்கு மாலையில் ஆங்கில வகுப்பு நடக்கிறது. தாமதமாக வந்தால் கேட்காமல் உள்ளே வந்து உட்கார வேண்டும். தினமும் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமாவது பேச வேண்டும். டீச்சரின் விதிகள் இவை. நான் இதுவரை வாயே திறக்கவில்லை. இன்றும் பேசாவிட்டால் வகுப்பில் இடமில்லை என்றிருந்தார்.

இன்று தோட்டத்தில் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்து முடிய நேரமாகிவிட்டது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் ஆபீஸில் காத்திருப்பதுபோல், கூப்பிடட்டும் என்று வகுப்பு வாசலிலேயே நின்றேன்.

"உள்ள வாடி! இது ஆபீஸ் இல்ல லா," என்றாள் தோழி மல்லிகா.

எல்லோரும் திரும்பினார்கள். பயத்தில் என்னையறியாமல் கேட்டுவிட்டேன்: "மே ஐ கம் இன், டீச்சர்?"

"கேக்காம வரணும்னு சொன்னேன்ல?" என்ற டீச்சர் சிரித்துவிட்டார். "சரி, இன்னைக்கு உன் வாக்கியம் முடிஞ்சிருச்சு. வந்து உக்காரு."

நாளைக்கு நேரத்தோடு போய்விட்டால் என்ன பேசுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.