ஷகீலா தட்டிய சத்தம்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். உங்கள் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தால் பாதியிலேயே எழுந்து போயிருப்பேன். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் உனக்கு வேறு வேலை இல்லையா என்று வாயை அடைக்கிற ஆள் நான். வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் கட்டியதற்கே மாமியாரோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தவள்.

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் எனக்குத் தையல் மிஷினில் வேலை. மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வருவேன். என் இடதுபக்க மேஜையில் ஷகீலா. தோலின் ஓரத்தில் ரப்பர் சொலுஷன் என்கிற பசையைத் தடவி, காயவிட்டு, மடித்து, சுத்தியலால் தட்டிக் கொடுப்பாள், நான் தைப்பேன். அத்தனை மிஷின் இரைச்சலில் கூப்பிட்டால் காதில் விழாது, அதனால் பீஸ் தயாரானதும் மேஜையில் தட்டுவாள். டக் டக், கொஞ்சம் விட்டு ஒரு டக். நான் திரும்பக்கூட மாட்டேன், இடது கையை மட்டும் நீட்டுவேன், உள்ளங்கையில் பீஸ் வந்து உட்காரும். நான் அவசரப்பட்டு முன்னாலேயே கையை நீட்டினால், "காயட்டும்டி, இன்னா பறக்கிற?" என்பாள். வருஷக்கணக்காக இப்படித்தான் ஓடியது.

அவள் ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். சிரித்துக்கொண்டேதான் பஸ்ஸிலிருந்து இறங்கினாள், அடுத்த வாரம் அவள் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன.

அதற்குப் பிறகு எனக்கு என்ன ஆனது என்று எனக்கே தெரியவில்லை. சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, தலைவாரிக்கொள்ளக்கூட மனசு வரவில்லை, வேலையும் நின்றுபோனது. மாத்திரை சாப்பிட்டால் வாந்தி. பேய் பிடித்தவர்களைக் கூட்டிப்போகிற சோளிங்கர் மலைக் கோயிலுக்குப் போனால் தெளிந்துவிடும் என்றார் மாமியார், அந்த நிலையிலும் நான் முடியாது என்று ஒற்றைக்காலில் நின்றேன். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் மனச்சோர்வுக்குப் புது மிஷின் ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள், கத்தி கிடையாது, ஊசி கிடையாது, தலைக்கு வெளியே வைத்துக் காந்தத்தாலேயே மூளையை எழுப்பிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டு என் வீட்டுக்காரர் கூட்டிப்போனார்.

டாக்டரம்மா விளக்கமாகச் சொன்னார். சிலருக்கு நிஜக் காந்தம், சிலருக்கு வெறும் சத்தம். யாருக்கு எது என்று சோதனை முடியும்வரை அங்கே இருக்கிறவர்களுக்கே தெரியாது. வெறும் சத்தம் வந்தவர்களுக்குப் பிற்பாடு நிஜத்தைக் கொடுப்பார்கள். சரி என்றேன். உள்ளே உலோகமே ஆகாது என்று கம்மல், ஹேர்பின், தாலிச் சரட்டில் நான் மாட்டி வைத்திருந்த ஊக்குகள்வரை நர்ஸ் ஜான்சி கழற்றி, நான் கொண்டுபோன டப்பாவில் போட்டாள்.

மிஷின் டகடகவென்று ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். அது நிற்கிற அந்த இடைவெளியில்தான் கேட்டது. இடதுபக்கம், மேஜை உயரத்தில், டக் டக். டக். என் கை தானாக நீண்டது. ஒன்றும் வந்து உட்காரவில்லை.

காந்தம் மூளைக்குள் போனால் இப்படித்தான் இருக்கும்போல என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். போகிற நாளெல்லாம் கேட்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை, சொன்னால் நிறுத்திவிடுவார்களே. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தச் சத்தத்துக்காகத்தான் காலையில் எழுந்தேன், குளித்தேன், தலைவாரிப் பூகூட வைத்துக்கொண்டேன். மிஷின் வேலை செய்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு ஷகீலா வேண்டும், அவ்வளவுதான்.

சோதனை முடிந்ததும் டாக்டரம்மா கூப்பிட்டார். "உங்களுக்கு வந்தது வெறும் சத்தம்தாம்மா, காந்தமே போகலை. இனிமே நிஜத்தைத் தர்றோம்."

அப்படியானால் நான் கேட்டது என்ன? கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை, கடைசியில் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்து, வேண்டாம், இனி வரமாட்டேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். நிஜக் காந்தம் தலையில் இறங்கினால் அவள் போய்விடுவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் அவர் சொன்னார்.

"நீ யாருக்காகவோ தலைவாரிக்கினு வர்றேன்னு எனக்குத் தெரியும் கலா. யாருன்னு நான் கேக்கல. எங்களுக்காகவும் கொஞ்சம் நல்லா ஆயிடேன்."

மறுநாள் போய் உட்கார்ந்தேன். ஜான்சி தலையில் அந்தக் கருவியைப் பொருத்திக்கொண்டிருந்தாள். ஷகீலா, போய்ட்டு வர்றேன்டி என்று மனசுக்குள் சொன்னேன்.

டக் டக். டக்.

ஜான்சி நிமிர்ந்தாள். "மிஷினே இன்னும் போடலியே, யாரு தட்டுனதுக்கா?"

நான் கையை நீட்டினேன். உள்ளங்கையில் சில்லென்று எதுவோ பட்டது. அதற்குள் மிஷின் ஓடத் தொடங்கியது, இந்த முறை மரங்கொத்தி கொத்துகிற மாதிரி மண்டையில் உறைத்தது. ஒவ்வொரு இடைவெளியிலும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றுமே இல்லை. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. வலிக்கிறதோ என்று துடைக்க வந்த ஜான்சி என் கையைப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது, பிசுபிசுன்னு?"

மோந்து பார்த்தேன். ரப்பர் சொலுஷன். கம்பெனி வாசலை மிதித்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது எனக்கு. அவள் துடைக்கப் பஞ்சை எடுத்தாள், நான் விடவில்லை. நகத்தால் வழித்து என் ஊக்கு டப்பாவின் மூடியில் தடவி வைத்துக்கொண்டேன்.

குணமாகிவிட்டேன், அந்த மிஷினைக் குறை சொல்ல மாட்டேன். இப்போது வேலைக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன், மாமியாரோடு சண்டைகூடப் போடுகிறேன். ஷகீலா மேஜையில் புதுப் பெண் ஒருத்தி, பீஸ் தயாரானால் தோளைத் தொட்டுக் கொடுப்பாள். நல்ல பெண்தான். ஆனாலும் சில நேரம் என் இடது கை சும்மாவே நீண்டு நிற்கும், அதைப் பார்த்து அவள் சிரிப்பாள்.

தோல் வேலை தெரிந்த யாரையாவது கேட்டுப் பாருங்கள், தடவி வைத்துவிட்டு ஒரு டீ குடித்து வருவதற்குள் சொலுஷன் காய்ந்துவிடும். அந்த மூடியை இன்று காலையிலும் திறந்து தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. இன்னும் காயவில்லை.