அவன் அழுத அழுகை

திரையில் அந்தச் சிறுவன் ஓடிவந்து சிநேகிதனைக் கட்டிக்கொண்டபோது, பக்கத்து சீட்டில் என் மகள் விசும்பத் தொடங்கினாள். முன்வரிசையில் ஒரு அம்மா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோயமுத்தூரில் ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி. தியேட்டர் நிறையப் பிள்ளைகள். ஊரைவிட்டுப் போகிற ஒருவன், அனுப்ப மனமில்லாத இன்னொருவன், சின்ன வயசுச் சிநேகம் முடிகிற இடம். கார்ட்டூன் பொம்மைகள்தான், ஆனாலும் தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. எனக்கு மட்டும் வயிறு எரிந்தது. அந்தக் கட்டிப்பிடிப்பை முதலில் வாங்கியவன் நான்.

என்னை அப்படிக் கட்டிக்கொண்டவனை இங்கே டீம் லீடர் என்றே சொல்கிறேன்; பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. பெரியநாயக்கன்பாளையத்தில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. வாத்தியார்களைக் கேலிப்படம் வரைந்து சேர்ந்தே அடி வாங்கினோம். பிறகு வரைவதையே பிழைப்பாக்கிக்கொண்டு ஒரே அனிமேஷன் ஸ்டூடியோவில் சேர்ந்தோம். அவனுக்கு ஆட்களை மேய்க்கத் தெரியும், லீடர் ஆனான். எனக்குப் பொறாமை இல்லை. அவனுக்குக் கீழே வேலை செய்வது அவன் வீட்டில் சாப்பிடுகிற மாதிரிதான் இருந்தது.

இன்று பார்த்தது வெளிநாட்டுப் படம். சில காட்சிகள் மட்டும் எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்தன. இந்தக் கட்டிப்பிடிக்கிற காட்சியை எத்தனை முறை செய்து அனுப்பினாலும் உயிரில்லை என்று திரும்பி வந்தது. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு. பொம்மை செய்யவேண்டியதை நாமே நடித்து, செல்போனில் எடுத்து, அதைப் பார்த்து அசைவு கொடுப்போம். “வா மாப்ள, நாமளே நடிச்சுப்போடலாம்” என்று மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனான். தண்ணீர்த் தொட்டிமேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, தொந்தி குலுங்க ஓடிவந்தான். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். கட்டிக்கொண்டவன் விடவில்லை. தோள் குலுங்கியது, என் சட்டை நனைந்தது. “அட, போதும் விடுடா, ஷாட் ஓகே” என்று முதுகில் தட்டினேன். என்ன நடிகன்டா இவன் என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன். அதைப் பார்த்து நானே பொம்மைக்கு அசைவு கொடுத்தேன். அந்த முறை காட்சி திரும்பி வரவில்லை.

அடுத்த வாரம் என்னை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். ஆள் குறைப்பு. “உங்க லீடரு போன மாசமே உங்க பேரைக் குடுத்துட்டாருங்களே, உங்ககிட்டச் சொல்லலீங்களா?” என்று ஆபீஸ் அம்மணி பாவமாகக் கேட்டார். ஆக, மாடியில் என்னைக் கட்டிக்கொண்டபோதே அவனுக்குத் தெரியும். நேரே போய்க் கேட்டேன். “மத்தவங்க தாங்கமாட்டாங்க மாப்ள. நீன்னா தாங்கிக்குவே” என்றான். அடப்பாவி! சிநேகிதன் என்றால் கழுத்தை அறுத்தாலும் வலிக்காதா? மூன்று வருசத்தில் வேலை போனது ஆறிவிட்டது. பிளெக்ஸ் பேனர் டிசைன் செய்து பிழைத்துக்கொண்டிருக்கிறேன். ஆறாதது ஒன்றுதான். அவன் எனக்காக அழுதானா, ஷாட்டுக்காக அழுதானா? எனக்காக என்றால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஷாட்டுக்காக என்றால், அத்தனை வருசப் பழக்கத்தில் எதைத்தான் நான் நம்புவது?

படம் விட்டு வெளியே வந்தால், பாப்கார்ன் கடையோரம் அவனே நிற்கிறான், பெண்டாட்டி பிள்ளையோடு. என்னைக் கண்டதும் வேகமாக வந்து என் மகள் தலையைத் தடவினான். “ஏங்கண்ணு, அந்த ரெண்டு பசங்களும் ஆருன்னு தெரியுமா? நானும் உங்கப்பனுந்தான்!”

சின்னதில் பார்த்த அவனை மகளுக்கு நினைவில்லை. கண்ணை அகல விரித்தாள். “அப்பா, இவரு உங்க ஃப்ரெண்டுங்களா?”

“இல்ல சாமி. ஆபீஸ்ல கூட வேலை செஞ்சவரு.”

அவன் முகம் தொங்கிப்போனது. கண்கூடக் கலங்கின மாதிரி இருந்தது. நம்புவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. மகள் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிவிட்டேன்.