வடித்து ஊற்றிய எண்ணெய்

“...வடை சுட்ட எண்ணெயைக் கொம்மா வடிச்சு வைக்கிறவ எல்லே? அதுமாதிரித்தான் நானும் செய்தனான். நல்ல எண்ணெயை ஏன் வீணாக்குவான்? அப்பிடியே சொல்லு பிள்ளை.”

இன்று காலை அடுப்படியில் பழைய எண்ணெயை வடித்தபோது, அந்தக் கருகல் மணத்தோடு அப்பாவின் குரலும் வந்துவிட்டது. இதை இதுவரை ஒருவருக்கும் நான் சொன்னதில்லை.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரத்துக்கு வந்த புதிது. எனக்குப் பதினொரு வயது. அப்பாவுக்கு டேனிஷ் வராது, எங்கே போனாலும் அவருக்காகக் கதைப்பது நான்தான். தொழிற்சாலையில் தகடு அழுத்தும் இயந்திரத்துக்குப் புது எண்ணெய் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். அப்பாவோ கறுத்த எண்ணெயைச் சாரத்துணியில் வடித்து, அதையே திரும்ப ஊற்றிவிட்டார். இயந்திரம் கொதித்து நின்றுபோனது. அப்பாவுக்காகக் கதைக்க என்னைத் தொழிற்சாலைக்குக் கூப்பிட்டார்கள்.

வேலையாட்களை மேற்பார்க்கும் போர்மன் கத்தவில்லை. “துணி தூசியைத்தான் பிடிக்கும். சூட்டில் வெந்து கெட்ட எண்ணெய்க்கு வழுக்கு இருக்காது, இரும்போடு இரும்பு உராயும்” என்று எனக்கு விளக்கினார். பிறகு, “ஏன் இப்படிச் செய்தார்?” என்று கேட்டார். அதற்குத்தான் அப்பா அந்த வடை எண்ணெய்க் கதையைச் சொன்னார்.

அந்த மனிதருக்கு முன்னால் எங்கள் வடைச்சட்டியை எடுத்து வைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. “நீங்கள் சொன்னது அப்பாவுக்கு விளங்கவில்லை” என்றேன்.

“சொன்னது விளங்காதவரை இயந்திரத்தில் விட முடியாது. இனி நிலம் கூட்டட்டும்” என்றார் போர்மன்.

“நான் சொன்னதைச் சொல்லிப்போட்டியோ?” என்று கேட்டார் அப்பா.

“ஓம் அப்பா.”

அவர் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு, போர்மனின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துச் சிரித்தபடி குலுக்கினார்.