மீசை முளைக்காத பதினேழு வயசு

1974-ம் வருஷம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதுசா வந்த ஒரு இரும்புக் கம்பெனியில ஆள் எடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டு, அப்பாவும் நானும் காலையிலேயே போய் கேட்டுல நின்னோம். அதுவரைக்கும் எங்க வீட்டுல எல்லாருக்கும் அடுத்தவங்க கழனியில கூலி வேலைதான். மாசச் சம்பளத்தை நாங்க கண்ணால பார்த்ததில்லை.

எனக்குப் பதினேழு முடிஞ்சிருந்தது. பார்க்க பன்னெண்டு வயசுப் பையன் மாதிரி இருப்பேன். மீசை துளிக்கூட இல்லை, குரலும் உடையலை. கூடப் படிச்சவனுங்க எல்லாம் ஷேவிங் பிளேடு வாங்க ஆரம்பிச்சுட்டானுங்க. என்னை மட்டும் "பாப்பா"ன்னு கூப்பிட்டு உயிரை வாங்குவானுங்க.

மேஸ்திரி என் பள்ளிக்கூட சர்டிபிகேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னா நைனா, அண்ணன் சர்டிபிகேட்டைத் தூக்கிக்கினு வந்துட்டியா?" வரிசையே சிரிச்சுது. அந்த நாள்ல அப்படிச் செய்யறவங்களும் இருந்தாங்க. சின்னப் பசங்களை எடுத்தா கம்பெனிக்கு வம்பு, அவரைச் சொல்லிக் குத்தமில்லை. ஆனா எனக்கு அண்ணனே கிடையாதே! கோவத்துல கத்தினேன். கீச்சுக் குரல்ல கத்தினா எவன் மதிப்பான்?

போலாம்ப்பான்னு கையைப் பிடிச்சு இழுத்தேன். அப்பா கேட்கலை. என்னைத் தரதரன்னு கம்பெனி டாக்டர் ரூமுக்கு இழுத்துக்கினு போனார். மேஸ்திரியும், வேடிக்கை பார்க்க நாலு பேரும் பின்னாலேயே வந்தாங்க. அதிகம் பேசாத மனுஷன் எங்கப்பா, அவங்க முன்னாலயே சொன்னார்: "எனக்கும் இப்பிடித்தாங்க சாமி. கல்யாணத்தன்னிக்கு மீசை கெடையாது. பொண்ணு ஊட்டுக்காரங்க, மாப்ள எங்கன்னு என்னையே கேட்டாங்க." எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துது.

டாக்டர் சிரிக்கலை. தினமும் என்ன சாப்பிடறேன்னு கேட்டார். கூழுன்னேன். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடிச்சார். கீழ்த்தாடைக் கோடியில ஒரு புதுப் பல் எட்டிப் பார்த்துக்கினு இருந்துது. "பன்னெண்டு வயசுல இந்த ஞானப்பல் வராதுய்யா. அப்பாவுக்கு லேட்டு, புள்ளைக்கும் லேட்டு. சோறு கம்மியானா இன்னும் லேட்டு"ன்னு சொல்லி, வயசு சரிதான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அடடா, அப்ப மேஸ்திரி முகத்தைப் பார்க்கணுமே! அவர் கையாலேயே என் பேரை எழுதிக்கிட்டார். கேன்டீன் சோறு சாப்பிட்டு ஒன்றரை வருஷத்துல மளமளன்னு வளர்ந்து, அவரைவிட ஒரு சாண் உசந்துட்டேன். மீசையும் முறுக்கிவிடற அளவுக்கு வந்துடுச்சு.

இன்னிக்கும் மானம் போயிடுமோன்னு நான் எதுக்காவது தயங்கினா, அத்தனை சிரிப்புக்கும் நடுவுல எனக்காக நிமிர்ந்து நின்ன எங்கப்பா ஞாபகம் வந்துடும். உடனே கால் தானா முன்னால போகும்.