ஆறாவது வீட்டில் வெறும் மணல்

நாலு வருஷத்துக்கு முன்பு, தீபாவளிக்கு இன்னும் இரண்டு மூன்று மாதம் இருக்கும்போது நடந்தது இது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கிராமம். பட்டாசுக் கம்பெனிகளில் சீசன் உச்சம், காலையில் பாதி ஊர் வேன் ஏறிப் போய்விடும். நான் விருதுநகர்க்காரி. கல்லூரியில் குடிதண்ணீர் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். ஊரைக் காப்பாற்ற வந்தவள் என்ற நினைப்பு வேறு.

பட்டாசு மருந்தில் பெர்குளோரேட் என்று ஒரு உப்பு சேரும். மழையில் கரைந்து கிணறு, போர்வெல் எல்லாவற்றிலும் இறங்கிவிடும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, காய்ச்சினாலும் போகாது. தைராய்டைத் தொந்தரவு செய்யும், அதுவும் கர்ப்பிணிகள் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். அந்த உப்பைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி பக்குவம் செய்த கரியை ஒரு நீலக் குழாயில் அடைத்து, வீட்டுக் குழாயில் மாட்டி, வாராவாரம் தண்ணீர் எடுத்துப் பார்ப்பதுதான் என் வேலை.

ஆறு வீடு பிடித்தேன். ஐந்து வீட்டில் அசல் கரி, ஒரு வீட்டில் மட்டும் வெறும் மணல். ஒப்பிட்டுப் பார்க்க அப்படி ஒன்று வேண்டும். வெளியே பார்த்தால் ஆறும் ஒன்றுபோலவே இருக்கும். எந்த வீட்டுக்கு மணல் என்று சீட்டுக் குலுக்கிப் போடச் சொல்லியிருந்தார் எங்கள் பேராசிரியர். ஒன்றில் மணல்தான் இருக்கிறது, சோதனை முடிகிறவரை இதை நம்பிக் குடிக்க வேண்டாம், வழக்கம்போல வண்டியில் வருகிற பில்டர் தண்ணீரையே வாங்கிக் குடியுங்கள் என்று ஆறு வீட்டிலும் சொல்லவும் சொன்னார். நான் இரண்டையுமே செய்யவில்லை. மணல் என்று சொன்னால் யார் சம்மதிப்பார்கள் என்று எனக்கு நானே ஒரு சமாதானம்.

மணல் குழாயை மாட்டிய வீட்டில் இருந்தவர் கம்பெனியில் மருந்து அடைக்கும் ஒரு அக்கா. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து வந்துவிடுவார். விரலெல்லாம் சாம்பல் பூத்து இருக்கும். "வாங்க தாயி, சாப்பிட்டீகளா" என்று கேட்டுக்கொண்டே சொம்பில் தண்ணீர் நீட்டுவார். தொண்டை சரியில்லை என்று சொல்லி, பையிலிருந்த என் பாட்டிலை எடுத்துக் குடிப்பேன். ஒரு தடவை, "எங்க வீட்ல தண்ணி குடிக்க மாட்டீகளோ?" என்று சிரித்தபடியே கேட்டார். அவர் என்ன நினைத்துக் கேட்கிறார் என்று புரிந்தது. எனக்குக் கோபம்கூட வந்தது. நான் போய் அப்படிப் பார்ப்பேனா என்று. உண்மைக் காரணம் அதைவிடக் கேவலம் என்று அப்போது உறைக்கவில்லை.

ஏழாவது வாரம் போனபோது அவருடைய மகள் வீட்டில் இருந்தாள். தலைப்பிரசவத்துக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்ததாம்; வாசலிலேயே தண்ணீர் பிடித்துக்கொண்டு போய்விடுகிற நான் அதுவரை அவளைப் பார்த்ததில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, என் குழாயில்தான் ஒரு குடம் பிடித்து வைத்தாள்.

"பில்டர் தண்ணி வண்டி வரலையாக்கா?" என்றேன்.

"அத நிப்பாட்டியாச்சு தாயி. நீங்கதான் மெசினே மாட்டிக் குடுத்திருக்கீகளே. புள்ளத்தாச்சிக்கு நல்ல தண்ணி வேணும்ல."

நான் அந்தப் பக்கமே வராமல் இருந்திருந்தால் அந்தப் பெண் வண்டித் தண்ணீரைக் குடித்துக்கொண்டு பத்திரமாக இருந்திருப்பாள். அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வழக்கம்போலத் தண்ணீர் பிடித்து, பெயர் எழுதி ஒட்டி, பஸ் ஏறிவிட்டேன். இன்னும் மூன்று வாரக் கணக்குதான் பாக்கி, அதுவரை எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம் என்றுகூட ஓடியது என் புத்தி. சாத்தூர் வருவதற்குள் என்னையே எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

அங்கேயே இறங்கி, எதிர்ப்பக்கம் பஸ் பிடித்துத் திரும்பிப் போனேன். அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். மணல் விஷயத்தை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கத்துவார், நாலு பேரைக் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தேன். உள்ளே போய்க் குடத்தைத் தூக்கி வந்து வாசலில் கொட்டினார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஆறு வீட்ல எங்க வீட்ட எதுக்குத் தாயி எடுத்தீக?"

சீட்டில் விழுந்தது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "மத்த வீட்லல்லாம் ஆயிரம் கேள்வி கேட்டாங்கக்கா. நீங்க ஒண்ணுமே கேக்கல" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. "படிச்ச பிள்ள, நமக்கு நல்லதுதான் செய்வீகன்னு இருந்தேன்" என்றார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

திங்கட்கிழமை பேராசிரியரிடம் போய் ஒப்புக்கொண்டேன். ஏழு வார வேலையையும் தள்ளிவிட்டு, ஆறு வீட்டிலும் உண்மையைச் சொல்லிவிட்டு வா என்றார். சொன்னேன், இரண்டு வீட்டில் குழாயைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார்கள். அந்த மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்த் தைராய்டு பார்த்தோம். ரிப்போர்ட் வரும்வரை நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நல்லவேளை, குறை ஒன்றும் இல்லை, சுகப்பிரசவம் ஆனது.

பிற்பாடு வேறு ஊரில், சொல்ல வேண்டியதைச் சொல்லி, முதலிலிருந்து செய்தேன். கரி நன்றாகவே வேலை செய்கிறது. கூட்டங்களில் பேசச் சொல்கிறார்கள், கை தட்டுகிறார்கள். ஆனால் தைரியமாக எழுந்து கேள்வி கேட்பவர்களைவிட, ஒன்றும் கேட்காமல் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால்தான் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அப்படி என்னை முழுசாக நம்பிய ஒருவரைத்தான் ஏமாற்றச் சுலபமான ஆள் என்று நான் பொறுக்கி எடுத்தேன்.