தோல் உள்ள சாப்பாடு

ஆவடி ரயில் நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். தோளில் துணிப்பை, அதில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி. மதியம் இரண்டரை மணி வெயில். கோவில்பதாகையில் ஏழு மாதம் சமையல் செய்த இடத்தை விட்டு, யாரிடமும் சொல்லாமல் கிளம்பியிருந்தேன். இப்படிக் கிளம்புவது எனக்குப் புதிதல்ல. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டது இப்படித்தான். பூந்தமல்லி பரோட்டாக் கடை, அம்பத்தூர் எஸ்டேட் கேன்டீன் எல்லாவற்றையும் இப்படித்தான் விட்டேன். அங்கெல்லாம் நான் போனதால் யாரும் பட்டினி கிடக்கவில்லை. இந்த முறை ஒருவர் கிடந்தார்.

நான் சமைத்தது ஒரு தொண்டு நிறுவனத்துக்கு. மனநலம் சரியில்லாதவர்கள் பகலில் வந்து இருப்பதற்காக ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். காலையில் வருவார்கள், செடிக்குத் தண்ணீர் விடுவார்கள், கேரம் ஆடுவார்கள், மதியம் சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்கு வீட்டுக்குப் போவார்கள். ஆலோசகர் என்று ஒரு பெண் இருந்தார். திருநெல்வேலிப் பக்கம். வெள்ளானூரில் புதிதாக வந்த அடுக்குமாடி ஒன்றில் குடியிருந்தார். வராதவர்களின் வீட்டுக்கு ஸ்கூட்டரில் போய் வாசலில் உட்கார்ந்து பேசுவார்.

கொரட்டூரிலிருந்து ஒருவர் வந்துகொண்டிருந்தார். லேத் பட்டறையில் வேலை பார்த்தவர், என் வயதுதான் இருக்கும். வீட்டில் சோற்றில் மருந்து கலக்கிறார்கள் என்பது அவருடைய பயம். அதனால் வீட்டில் தோல் உள்ளதை மட்டும் சாப்பிடுவார்: வாழைப்பழம், ஓட்டோடு வெந்த முட்டை, பிரிக்காத பிஸ்கட் பாக்கெட். சமைத்த சோறு என்று அவர் தொட்டது எங்கள் இடத்தில் மட்டும்தான். அதற்கே மூன்று மாதம் ஆனது.

மாத்திரைக்கு அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒரு டம்ளர் தண்ணீர், பக்கத்தில் ஒரு மூடியில் மாத்திரை. எடுத்தால் எடுக்கட்டும். எடுக்காவிட்டால் நோட்டில் 'எடுக்கவில்லை' என்று எழுதி, மறுநாள் மறுபடி வைப்பார்கள். யாரும் வற்புறுத்தக் கூடாது. எதிலும் கலக்கக் கூடாது. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே ஆலோசகர் சொன்ன ஒரே சட்டம் அது.

கொரட்டூர்க்காரர் ஒரு நாளும் எடுக்கவில்லை. பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. ஒரு நாள் அந்த மூடியிலிருந்ததை எடுத்துக் கரண்டியால் நசுக்கி அவர் தட்டுச் சாம்பாரில் கலந்துவிட்டேன். அவர் சாப்பிட்டார். மூடி காலியாக இருந்ததைப் பார்த்த ஆலோசகருக்கு முகமெல்லாம் சிரிப்பு. கொரட்டூர்க்காரரின் தங்கைக்குப் போன் செய்து, "உங்க அண்ணன் தானா எடுத்துட்டாரும்மா" என்றார். அதைக் கேட்ட பிறகு உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சிரிப்பைக் காப்பாற்ற மறுநாளும் கலந்தேன். நாலு நாள்.

ஐந்தாம் நாள் சரியாக நசுங்கவில்லை. அவர் நாக்கில் வெள்ளையாக ஒரு துண்டு தட்டுப்பட்டது. விரலில் எடுத்துப் பார்த்தார். தட்டைத் தரையில் வைத்துவிட்டு வெளியே போய்க் கேட் ஓரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். ஒரு சத்தமும் போடவில்லை. போட்டிருந்தால் நான் இருந்திருப்பேன்.

அன்று இரவு ரயில் நிலையத்தில் படுத்தேன். காலை ஏழு மணிக்குப் போன் அடித்தது. ஆலோசகர்.

"அண்ணே, எங்க இருக்கிய?"

"ஸ்டேஷன்ல கீறேம்மா."

"காலைல ஆறு மணிக்கே வந்து மரத்தடியில உக்காந்திருக்காரு. நேத்துல இருந்து பச்சத் தண்ணி குடிக்கல. வாழைப்பழம்கூட வேண்டாங்காரு. ஊசி போட்டுப் பழத்துக்குள்ள மருந்த ஏத்திருப்பாங்கன்னு சொல்லுதாரு. உங்களைத்தான் கேக்காரு."

"நீங்களே சொல்டுங்கம்மா, நான்தான் கலந்தேன்னு."

"நான் கலக்கலயே. கலந்தவங்கதான் சொல்லணும்."

ரயில் வந்து நின்றது. ஏறவில்லை. கோவில்பதாகைக்கே திரும்பி நடந்தேன்.

கேட்டருகே பெருக்கிக்கொண்டிருந்த, வீட்டை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மா நிமிர்ந்து பார்த்தார். "இன்னா நைனா, வுட்டுட்டுப் போன செருப்ப எடுக்க வந்தியா?" என்றார். நேரே மரத்தடிக்குப் போனேன். கொரட்டூர்க்காரர் உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"நாலு நாள் கலந்தேன். நேத்து மாட்னேன்" என்றேன்.

"நாலு நாளா? நேத்து மட்டும்னு நெனச்சேன்." என்னை நிமிர்ந்து பார்த்தார். "எங்க ஊட்ல கலக்கறாங்கோன்னு சொன்னா, அது உன் மனசுன்றாரு டாக்டரு. இப்ப இன்னா சொல்வாரு அவரு?"

பின்னால் நின்ற ஆலோசகர் நோட்டை அவரிடம் நீட்டினார். நாலு நாளுக்கும் 'எடுத்தார்' என்று எழுதியிருந்ததை அடித்து, 'தெரியாமல் கொடுக்கப்பட்டது, தவறு எங்களுடையது' என்று எழுதியிருந்தார். கொரட்டூர்க்காரர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். இரண்டு முறை படித்தார்.

"இவன வேலைய வுட்டுத் தூக்கிட்டீங்களா?" என்று கேட்டார்.

"அவராத்தான் ஓடிப் போனாரு" என்றார் ஆலோசகர்.

"நீங்க வேற ஆள வெச்சா அவனும் உள்ள குந்திக்கினு கலப்பான். எனக்கு இன்னா தெரியும்? இவன்தான் மாட்டிக்கினானே, இவனையே வெய்யுங்க. அடுப்ப இங்க எட்த்தாரச் சொல்லுங்க. என் கண்ணெதிர்ல ஆக்கணும். என் தட்லேர்ந்து மொத வாய் இவன் துன்னணும்."

ஆலோசகர் என்னைப் பார்த்தார். "செய்வியளா அண்ணே? ஒரு நாளு ரெண்டு நாளு சோலி இல்ல இது."

சரி என்றேன். பையை மரத்தின் கவட்டையில் மாட்டினேன். கேஸ் அடுப்பையும் சிலிண்டரையும் வெளியே இழுத்துவந்து அவருக்கு ஐந்தடி தள்ளி வைத்தேன். அரிசியைக் களைந்தபோது எழுந்து வந்து குனிந்து பார்த்தார். உப்பு டப்பாவை வாங்கி முகர்ந்தார். சோறு வெந்ததும் அவர் தட்டில் போட்டு, அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, அவர் பார்க்க மென்று விழுங்கினேன்.

"வாயத் தொற" என்றார். திறந்து காட்டினேன்.