இருபத்தாறாம் தேதி வேண்டாம், டாக்டர்!

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் காலண்டரில் தேதி கிழித்ததும், அதே தேதியில் உலகத்தில் என்னென்ன நடந்தது என்று போனில் தேடிப் பார்ப்பேன். போர், பட்டாபிஷேகம், ராக்கெட்... பொழுது போகும். இதில் யாருக்கு என்ன கெடுதல்?

போன டிசம்பரில்தான் தெரிந்தது.

என் மகள் தேவிக்குத் தலைப்பிரசவம். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, "பனிக்குட நீர் குறைஞ்சிருக்கு. இருபத்தாறாம் தேதி காலைல ஆபரேஷன் பண்ணிடலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கை சும்மா இருக்குமா? தேடினேன். 2003 டிசம்பர் 26 — ஈரானில் ஒரு நகரத்தையே மண்ணாக்கிய பூகம்பம். அடுத்த வருடம், அதே நாள் — சுனாமி. ரேடியம் கண்டுபிடிப்பை அறிவித்ததும் இதே தேதிதான் என்று கீழே போட்டிருந்தது. அது எங்கே மனதில் நிற்கிறது?

மருமகன் செந்தில் வாடிப்பட்டியில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். தனியாக அழைத்தேன்.

"மாப்ள, ஒரே ஒரு நாள் தள்ளிப் போடலாமா?"

"எதுக்கு மாமா?"

போனைக் காட்டினேன். முகம் சுருங்கிவிட்டது. "இத தேவிகிட்ட காட்டிறாதீங்க மாமா" என்று மட்டும் சொன்னார்.

நான் விடவில்லை. மறுநாள் டாக்டரிடமே போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "இருபத்தேழாம் தேதியும் குழந்தையோட துடிப்பு நல்லா இருக்கும்னு எழுதிக் கொடுப்பீங்களா சார்?"

வாயை மூடிக்கொண்டு வந்தேன். பயத்தை மூட முடியவில்லை.

இருபத்தாறாம் தேதி காலை, தியேட்டர் கதவு மூடி அரை மணி நேரம். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. தரை துடைத்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி ஆயாம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"என்னண்ணே, ஏசிக்குள்ள இம்புட்டு வேர்க்குது?"

தேதியைச் சொன்னேன். துடைப்பதை நிறுத்திவிட்டார்.

"எம் மகன் சுனாமி அன்னைக்குப் பொறந்தவன்ண்ணே. வார்டு டிவில அம்புட்டுப் பொணம். எல்லாரும் அழுகுறாக. ஆம்பளப் புள்ளன்னு ஒரு முட்டாய் குடுக்க முடியல. சேலைக்குள்ள மறைச்சு வச்சே பால் குடுத்தேன்."

"இப்போ?"

"வருசா வருசம் அன்னைக்குச் செத்தவுகளுக்கு ஒரு வெளக்கு ஏத்துவோம். அப்பறம் கேசரி கிண்டுவேன். அவன் பொறந்த நாளுல்ல?"

இத்தனை வருடமாகத் தேடுகிறேனே... யாரும் சாகாத தேதி ஒன்றை எந்தக் காலண்டரிலாவது பார்த்திருக்கிறேனா?

கதவு திறந்தது. பெண் குழந்தை. தாயும் நலம். செந்திலின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் என்னைப் பார்த்தே சொன்னார். "குழந்தை உள்ளேயே மோஷன் போயிருந்தது சார். நாளைக்குன்னு விட்டிருந்தா ரொம்பக் கஷ்டமாயிருக்கும்."

செந்தில் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

பேத்தி இப்போது குப்புற விழுகிறாள்; என்னைப் பார்த்தால் பொக்கைவாய் திறந்து சிரிக்கிறாள். ஒரு நாள் கழித்து வரச் சொன்ன ஆள் யாரென்று அவளுக்குத் தெரியாது... நீங்களும் சொல்லிவிடாதீர்கள்!